பனிக்குப் போன கேமராவும் பார்க்கிங் புழுக்கமும்

"மேடம், டிஃபெக்ட் பீஸை என் தலையில கட்டிட்டீங்க!"

பாஸ்கர் சார் கேமராவைக் கவுண்டரில் வைத்த வேகத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. துபாயில் ஒரு மால். மேல்தளத்தில் செயற்கைப் பனிச்சறுக்குத் தளம், கீழே எங்கள் எலக்ட்ரானிக்ஸ் கடை. கேமரா கவுண்டர் என் பொறுப்பு. சேல்ஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் "ஸ்கீயிங்குக்கு எந்த கேமராக்கா பெஸ்ட்?" என்று கேட்டால், அந்த ஆகஸ்ட் மாதத்துக் கூத்தைத்தான் சொல்வேன்.

1. வாங்கிய கதை

சாருக்கு அபுதாபி பக்கம் ருவைஸ் எண்ணெய் ரிஃபைனரியில் வேலை. குடும்பம் ஷார்ஜா முவைலாவில். மகள் மதுமிதா பனிச்சறுக்கில் கெட்டிக்காரி. வெளிநாட்டு ஸ்கீ பள்ளி ஒன்றில் சேர விண்ணப்பித்திருந்தாள். அவள் சறுக்குவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அதற்காக ஒரு வாரம் முன்பு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள்.

"இருக்கிறதுலயே காஸ்ட்லி மாடலைக் காட்டுங்க" என்றார் சார், எடுத்த எடுப்பில்.

"யார் சார் மாட்டிக்கப் போறாங்க?"

"மதுதான். ஹெல்மெட்ல."

"அப்போ வீடியோல பனி இருக்கும், சுவர் இருக்கும். மது எங்க இருப்பா?"

மது சிரித்துவிட்டாள். "கரெக்ட்ப்பா! என் பின்னாடி வர்ற கோச்தான் போட்டுக்கணும்."

கோச் நெஞ்சில் மாட்ட ஒரு பெல்ட். தடிமனான கிளவுஸோடு அமுக்கப் பெரிய பட்டன். ஓட்டத்தில் ஆடாத படம். இவ்வளவுதான் வேண்டும் என்று நடுத்தர மாடல் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். சாருக்கு மனசு கேட்கவில்லை. விழுந்து உடைந்துவிட்டால் என்ன செய்வது என்று, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் கேஸ் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

2. பால் ஊற்றிய வீடியோ

இப்போது அந்தக் கேமராதான் என் முன்னால் கிடந்தது. வீடியோவை ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் தெளிவு. கொஞ்ச நேரத்தில் பால் ஊற்றியதுபோல் எல்லாம் வெள்ளை. மதுவை அதில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

மதுவின் கண் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, இன்னைக்குள்ள அனுப்பணும். கோச் டியூட்டி முடியப் போகுது. இன்னும் ஒரே ஒரு ரன் கூட சறுக்க வர்றேன்னு சொல்லியிருக்கார்."

மேனேஜர் அன்வர் பாய் என் காதருகே வந்து, "வேற பீஸ் குடுத்து அனுப்பு. கலாஸ், அதோட முடிஞ்சுது" என்றார். புது பீஸும் இப்படியே எடுத்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

கேஸைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தண்ணீர்.

"சார், இதை எங்க வச்சு மூடுனீங்க?"

"பார்க்கிங்லதான். மேல போய் டைம் வேஸ்ட் ஆகக் கூடாதுன்னு, கார்லேர்ந்து இறங்குனதும் எல்லாத்தையும் மாட்டி ரெடி பண்ணிட்டேன்."

நம் அப்பாக்கள் எல்லாருமே இப்படித்தான். எங்கே போனாலும் பார்க்கிங்கிலேயே எல்லாம் தயாராகிவிட வேண்டும். ஆனால் இது ஆகஸ்ட் பார்க்கிங். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும்.

"ஏசி மாலுக்குள்ளேர்ந்து வெளிய போனதும் உங்க மூக்குக் கண்ணாடி என்ன சார் ஆகுது?"

அவர் கை தானாகக் கண்ணாடியைத் தொட்டது. "அடச்சே! ஈரக் காத்தையும் சேத்து உள்ள வச்சு மூடிட்டேன். மேல குளிர்ல அது தண்ணியாயிடுச்சு!"

"அதேதான். கேஸே வேணாம் சார், கழட்டிடுங்க."

"விழுந்தா?"

"விழட்டும், கேமராதானே!"

கடை ஏசியிலேயே லென்ஸைத் துடைத்து, முழு சார்ஜ் ஏறிய பேட்டரியைப் போட்டேன். குளிரில் சார்ஜ் மளமளவென்று இறங்கும், அதனால் ரன் தொடங்கும்வரை கோச் ஜாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருக்கட்டும் என்றேன். தைரியமாகத்தான் பேசினேன், இது சரிவருமா என்று எனக்கே நிச்சயமில்லை. அன்வர் பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யல்லா, கிளம்பு, நீயும் போ. டீ பிரேக்குன்னு வச்சுக்கிறேன்" என்றார்.

3. கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே, வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக வைத்த பெரிய கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றேன். மது வளைந்து வளைந்து இறங்கினாள். பின்னாலேயே கோச். கீழே சார் வாடகை ஜாக்கெட்டில் நடுங்கிக்கொண்டு நின்றார்.

அவர்கள் வெளியே வந்ததும் எங்கள் மூன்று தலைகளும் அந்தக் குட்டித் திரைமேல் கவிழ்ந்தன. பளிச்சென்று இருந்தது படம்! ஒவ்வொரு திருப்பமும், அவள் காலடியில் தெறித்த பனியும்கூடத் தெரிந்தது. "அப்பாடா!" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"கத்துனதை மனசுல வச்சுக்காதீங்க மேடம்" என்றார் சார்.

"அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, விடுங்க சார்."

அதனால்தான் சொல்கிறேன் பிள்ளைகளே, மாடல் பெயரைப் பிறகு பார்க்கலாம். யார் மாட்டுவார்கள், எங்கே வைத்து மாட்டுவார்கள் என்று முதலில் கேளுங்கள்.

மதுவுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. இதைச் சொல்ல வந்தவள் சிரித்துக்கொண்டே வீடியோவின் கடைசி நொடிகளைக் காட்டினாள். கோச் நின்று திரும்புகிறார். கேமரா கண்ணாடிப் பக்கம் போகிறது. அங்கே கடை யூனிஃபார்மில் ஒரு பொம்பளை, மூக்கு சப்பையாகும்படி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தன் மூச்சில் மங்கியதைக் கையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

"இதையுமா அனுப்புன? கட் பண்ணியிருக்கலாமேடி!"

"நோ வே ஆன்ட்டி. அப்பாதான் வச்சே அனுப்பச் சொன்னார்."