பாசம் வைத்த இடம்

"இன்னா நைனா, சாப்ட்டியா?" என்றுதான் சுலோச்சனா ஆரம்பிப்பார். தி.நகர் ஜவுளிக்கடைகளின் பின்சந்தில், மதியம் டீ குடிக்க இறங்கி வரும் விற்பனையாள இளைஞர்களில் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, ஊர், அம்மா, தங்கை கல்யாணம் என்று சுற்றி வளைத்து, டீ ஆறுவதற்குள் கையில் ஆணுறைப் பொட்டலத்தைத் திணித்துவிடுவார். வாங்கியவன் டீக்கடைக்காரர் முகத்தைப் பார்ப்பான். அவர் பாலைப் பார்ப்பார்.

நான் கணக்கு எழுதும் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் அவர். நெற்றி நிறையப் பொட்டு, வாய் கொஞ்சம் நீளம். எய்ட்ஸ் எல்லாம் யாருக்கோ வருவது என்று நிம்மதியாக இருக்கும் நம்மைப் போன்றவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்புதான் வரும். "எனக்குத் தெரிஞ்சது ஒரே ஆம்பள சார். தாலி கட்னவரு" என்பார். கணவர் லாரி ஓட்டினார். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் தன் ரத்தத்திலும் அது இருப்பது சுலோச்சனாவுக்குத் தெரிந்தது. இப்போது மாத்திரையில் ஓடுகிறது வாழ்க்கை.

"பயம் கீற எடத்துல போட்டுக்குவானுங்க சார். பாசம் வெச்சா கய்ட்டிடுவானுங்க."

பட்டுப் பிரிவில் நிற்கும் தென்காசிக்காரன் பாலகணேஷ் அப்படித்தான். முன்பின் தெரியாதவர்களிடம் ஜாக்கிரதையாக இருந்தவன், ஒருத்தியிடமே வாடிக்கையானதும் உறையை விட்டுவிட்டான். "அவ நம்ம ஆளுக்கா" என்றானாம். அவளுக்கு அவனைப் போல நாலைந்து 'நம்ம ஆள்'கள்.

ஆடித் தள்ளுபடி முடிந்துதான் கடையில் லீவு கிடைக்கும். ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். "தாலி கட்றதுக்கு முன்னாடி டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுத்துட்டுப் போ நைனா" என்று சுலோச்சனா கெஞ்சினார். மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினான் அவன். "நல்ல காரியத்துக்கு முன்னால அதப் போயி எதுக்குக்கா?"

பெண் வீட்டுக்கு ஒரு போன் போதும். ஆனால் ஒருவன் நம்பிச் சொன்னதை வெளியே விடுவது இந்த வேலையில் கூடாது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. "என் வூட்டுக்காரருக்கும் யாராவது சொல்லிக்கினுதான் இருந்திருப்பாங்க சார்" என்றார்.

போன வாரம் அவரோடு பாண்டி பஜாரில் நின்றிருந்தேன். எதிரே பாலகணேஷ், பக்கத்தில் புது மனைவி தீபிகா. தப்ப வழியில்லாமல், "கடைக்கு வர்ற அக்கா" என்று அறிமுகப்படுத்தினான். அந்தப் பெண் கள்ளமில்லாமல் சிரித்து, "மூணு மாசம்க்கா" என்றாள்.

"ஆஸ்பத்திரில பேர் பதிஞ்சியாம்மா?"

"ஊருக்குப் போயி பாத்துக்கிடலாம்னு இவுகதான் சொன்னாவ."

"ஊருக்கு அப்பால போலாம். மாசமா கீறவங்களுக்கு எல்லா ரத்தமும் பாப்பாங்க, புள்ளைக்கு நல்லது. தோ, பக்கத்துலதான் கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி."

அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் பார்ப்பார்கள், இருந்தால், குழந்தைக்குப் போகாமல் தடுக்க மருந்து உண்டு. பாலகணேஷுக்கு இது தெரியும். தீபிகாவுக்குத் தெரியாது.

"அக்கா, இன்னைக்கு வேண்டாமே..." என்று இழுத்தான் அவன்.

சுலோச்சனா அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. தீபிகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வளையல்கள் நொறுங்கிவிடுவது போன்ற பிடியில், சாலையைக் கடக்க ஆரம்பித்துவிட்டார்.