ஓடாத காரில் காய்ந்த பாகற்காய்

லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்காது. ஏழாவது மாடியில் கதவு திறந்த பிறகுதான் பக்கத்து வீட்டு சரோஜா அக்காவின் மகள் போனில் பேசுவது தெளிவாகக் கேட்டது. "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க. தூக்கத்திலயே." நிபோங் திபாலில் இருக்கும் அந்த மகள் வீட்டுக்கு அக்கா முந்தின நாள்தான் கிளம்பிப் போனார். போகும்போது கார் சாவியை என்னிடம் கொடுத்து, "பாகக்கா காயுதுலா, ஒரு பார்வை பாத்துக்க" என்றார். அந்தச் சாவியைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் நின்றேன்.

எங்கள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அந்தக் காரை அறியாதவர் இல்லை. காற்று இறங்கிய டயர்களோடு வெயிலில் நிற்கும். பினாங்கு மழையை நம்பி வெளியில் வற்றல் போட முடியுமா? அக்கா காய்களை நறுக்கி, உப்பும் மஞ்சளும் போட்டு அரைவேக்காடாக எடுத்து, தட்டுகளில் பரப்பிக் காருக்குள் வைப்பார். ஈர ஆவி போகக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, இடுக்கில் கொசுவலைத் துணி கட்டுவார். பிறகு ஒரு துண்டை ஒடித்துப் பார்ப்பார். "வளைஞ்சா இன்னொரு வெயில் வேணும். ஒடைஞ்சாதான் டின்னுக்குப் போகும்."

ஓடாத காரை இழுத்துப்போக வேண்டும் என்று ஒருமுறை குடியிருப்புக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அக்கா எழுந்தார். "ஒங்க காடியெல்லாம் பெட்ரோல் குடிக்குது. என் காடி சோத்துக்கு வழி பண்ணுதுலா." எல்லாரும் சிரித்ததில் பேச்சு அதோடு நின்றது. "வத்தலுக்கு லைசென்ஸ் எடுத்தாச்சா அக்கா?" என்று நானும் சீண்டினேன். "மொதல்ல ஒன் வாய்க்கு எடு" என்றார்.

தனி ஆளுக்கு இத்தனை டின் எதற்கு என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்கா கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தார், கை நிற்கவில்லை. "ஊரடங்கு நேரம். வீட்டுல காய் இல்ல. வெறும் ரசம் வேணாம், ஏதாச்சும் வாங்கிட்டு வாங்கன்னு நான்தான் அவர அனுப்புனேன். இந்தக் காடியிலதான் பாசாருக்குப் போனாரு. காயோட நோயும் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனவரு திரும்பல, கடைசியா மொகத்தப் பாக்கக்கூட விடல." அரிந்ததைத் தண்ணீரில் போட்டார். "இனி ஒரு கத்தரிக்காய்க்காக யாரும் வெளிய போகக் கூடாது." மாடியில் எல்லா வீட்டுக்கும் அவர் ஏன் டின் டின்னாக வற்றல் கொடுத்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதன் பிறகு அந்தக் காரை வைத்து நான் கேலி பேசியதில்லை.

காரியம் முடிந்ததும் காரைப் பழைய இரும்புக்குக் கொடுக்க மகள் முடிவு செய்தாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன். லாரி வருமுன் நான் கீழே போய்க் கதவைத் திறந்தேன். உப்பும் கசப்பும் கலந்த சூடான வாசனை முகத்தில் அடித்தது. ஒரு பாகற்காய் வளையத்தை எடுத்து ஒடித்தேன். சட்டென்று உடைந்தது. முன் சீட்டில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எல்லாவற்றையும் டின்னில் அள்ளிக்கொண்டு மாடிக்கு வந்தேன்.

போன வாரம் சாயங்காலம் நல்ல மழை. வீட்டில் காய் இல்லை. "ஓடிப்போய் ஏதாச்சும் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று என் கணவர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார். "எங்கயும் போக வேணாம், உக்காருங்க" என்றேன். என் குரல் எனக்கே அதிகமாகப் பட்டது. அவர் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். நான் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தேன்.

டின்னில் வற்றல் இப்போது பாதிதான் மிச்சம். அக்காவின் பயம் மட்டும் குறையாமல் என்னிடம் இருக்கிறது.