இறகு வைத்த டைனோசர்

என் அப்பா மார்க்கையன்கோட்டையில் கோழிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவர் வெட்டித் தரத் தர, நான் கழுவிப் பையில் போட்டுக் கொடுப்பேன். அதனால் கல்லூரியில் விலங்கியல் சேருவதற்கு முன்பே கோழியின் உடம்பு எனக்குப் பழக்கம். நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி ஒரு எலும்பு, காலில் செதில் செதிலாகத் தோல், மடக்கினால் பக்கவாட்டில் ஒடுங்கும் ரெக்கை, எல்லாம் கைக்குத் தெரியும். கூடப் படித்தவர்களில் சிலர் என்னைக் 'கோழிக்கடை' என்றே கூப்பிட்டார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, தேனியில் ஒரு பிரௌசிங் சென்டரில், சீனாவில் கிடைத்த புதைபடிவம் ஒன்றின் படத்தைப் பார்த்தேன். வெளிறிய கல்லில் ஒரு சின்ன டைனோசர், கழுத்தைப் பின்பக்கம் வளைத்துக்கொண்டு கிடந்தது. கையைச் சுற்றியும் வாலைச் சுற்றியும் இறகுத் தடம். நெஞ்சில் அதே கவட்டை எலும்பு. ஆச்சரியத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. நான் படித்த புத்தகத்தில் டைனோசர், வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, வீங்கிப்போன ஓணான் மாதிரி நின்றது. இதை ஏன் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை?

அந்த வருடம் கல்லூரியில் அறிவியல் கண்காட்சி. எங்கள் துறைத்தலைவர் எனக்கும் ஆண்டிபட்டியிலிருந்து வந்து படித்த என் தோழிக்கும் டைனோசர் செய்யும் வேலையைக் கொடுத்தார். மூங்கில் தப்பையும் கட்டுக்கம்பியும் வைத்துக் கூடு கட்டினோம். மேலே சாக்கு, அதற்கு மேலே மைதாப் பசையில் ஒட்டிய பேப்பர். உயரம் என் இடுப்பளவு. வாலைத் தரையில் போடாமல் பின்னால் நேராக நீட்டினோம். முன்பக்கக் கனத்தை வால்தான் சமன் செய்ய வேண்டும். கடையிலிருந்து நாட்டுக்கோழி இறகை மூட்டையாகக் கொண்டுவந்து, சோப்புத் தூளில் அலசி, மாடியில் காயவைத்து, ஒவ்வொன்றாக ஒட்டினோம். தோழிக்கு அந்த வாடையில் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் துறைத்தலைவர் வந்து பார்த்தார்.

"என்னம்மா இது? டைனோசர் செய்யச் சொன்னா கோழி செஞ்சு வச்சிருக்க?"

சீனத்துக் கல்லைப் பற்றிச் சொன்னேன். எடுத்து வைத்திருந்த பிரின்ட்டையும் காட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"நெட்டுல ஆயிரம் வரும். ஜனங்க டைனோசர்னு நினைக்கிறது இது இல்ல. நாளைக்குச் சிரிப்பாங்க. இறகை உரிச்சுட்டுப் பச்சை பெயின்ட் அடி."

"உரிச்சா அது பொய்யாப் போயிடும் சார்."

அவர் பக்கத்தில் நின்ற இன்னொரு ஆசிரியரைப் பார்த்துச் சிரித்தார். "கோழிக்கடைக்காரர் மகளுக்கு எதைப் பார்த்தாலும் கோழியாத்தான் தெரியும்."

எனக்குக் காது சுட்டது. "ஆமா சார். கோழியைத் தெரிஞ்சதாலதான் இது புரிஞ்சது" என்றேன்.

சிரிப்பு நின்றது. இறகு இருந்தால் ஹாலில் இடம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அப்பா என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. "அவக பெரிய படிப்பு படிச்சவக ஆத்தா. சொன்னாகன்னா காரணம் இருக்கும். பச்சையடிச்சு வச்சிட்டு வந்துரு" என்றார். அவரும் பயந்துதான் சொன்னார், என் படிப்புக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று. மறுநாள் கிளம்பும்போது, அவித்துச் சுத்தம் செய்து வைத்திருந்த கோழி எலும்புகளைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

நானும் தோழியும் டைனோசரைத் தூக்கிக்கொண்டுபோய் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வாகை மரத்தடியில் வைத்தோம். கேட்டைத் தாண்டி வருகிற எவரும் எங்களைக் கடந்துதான் ஹாலுக்குப் போக வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசை கலைந்து எங்களைச் சுற்றிக்கொண்டன. முதலில் சிரிப்புதான். அப்புறம் கேள்விகள். முட்டை போடுமா? கடிக்குமா? எப்படிக் கத்தும்? தெரிந்ததைச் சொன்னேன். எலும்பைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். என்ன நிறம் என்று ஒரு சிறுமி கேட்டாள். "யாருக்கும் தெரியாது. நாங்க ஒட்டின நிறம் எங்க கடைக் கோழியோடது" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமே இல்லை.

மதியம் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் துறைத்தலைவர் வந்தார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பறக்காத ஜந்துவுக்கு இறகு எதுக்கு?" என்றார்.

"கோழியும்தான் மேகமலைக்குப் பறந்து போறதில்ல சார். குளிருக்கு இருக்கும், முட்டையை மூடி அடைகாக்க இருக்கும், சோடிக்குக் காட்டிக்க இருக்கும். பறக்கிறது பின்னால வந்த வேலை."

அவர் மாடலைச் சுற்றி வந்தார். குனிந்து முன்னங்கையைப் பார்த்தார்.

"உள்ளங்கை ஏன் தவளை மாதிரி தரையைப் பாக்குது? கோழி ரெக்கை இப்படியா மடங்குது? நீ சொல்றது நெசம்னா இது உள்பக்கமால்ல திரும்பி இருக்கணும்?"

அவர் சொன்னது சரி. என் வாதத்தை வைத்தே என் தப்பைப் பிடித்துவிட்டார். அங்கேயே உட்கார்ந்து கம்பியை முறுக்கி இரண்டு கையையும் உள்பக்கம் திருப்பினேன். நாலைந்து இறகு உதிர்ந்தது. மறுபடி ஒட்டினேன். அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலுக்குள் கொண்டுவா என்று சொல்வார் என்று தோழி எதிர்பார்த்தாள். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் அப்பா டிவிஎஸ் வண்டியில் வந்து அதைப் பின்னால் கட்டி எடுத்துப் போனார். கொஞ்ச நாள் கடை முகப்பில் நின்றது. கறி வாங்க வந்தவர்கள் கேட்டால், "எம்மக செஞ்சது" என்பார், அவ்வளவுதான். பிறகு எலி கடித்துக் குதறியது.

அந்தப் பருவத்தில் எனக்கு இன்டர்னல் மார்க் வகுப்பிலேயே குறைவாக வந்தது. துறைத்தலைவர் அறைக்குப் போய்க் காரணம் கேட்டேன்.

"ஹாலுக்கு வெளியே வச்சதுக்கு மார்க் கிடையாது" என்றார்.

"இறகை உரிச்சு உள்ளே வச்சிருந்தா?"

கொஞ்சம் யோசித்தார். "போட்டிருப்பேன்."

"அப்ப வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தோழி வராந்தாவில் காத்திருந்தாள். என்ன ஆச்சு என்றாள். பசிக்குது, வா, சாப்பிடப் போகலாம் என்றேன்.