ஆடிச்சுற்று முடிந்த மறுநாள்

இரண்டு வருடங்களுக்கு முன், சங்கரன்கோவிலில் ஆடித்தபசு நேரம். புளியங்குடியில் இருக்கும் என் மைனி, அதாவது அண்ணன் மனைவி, எங்கள் வீட்டில் தங்கி ஆடிச்சுற்று சுற்றினார். வேண்டிக்கொண்டு கோயிலைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதுதான் ஆடிச்சுற்று. மைனிக்கு வீசிங் உண்டு. அந்தக் கூட்டத்தில் வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா?

சுற்றி முடித்த மறுநாள் காலையில் நன்றாகத்தான் இட்லி சாப்பிட்டார். மதியத்துக்குள் ஆள் சுருண்டுவிட்டார். உடம்பு அனலாய்க் கொதித்தது, வலி வேறு. அவ்வளவு சுற்றினால் வலிக்காதா, வெந்நீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்றார்கள் வீட்டில். மைனி அதற்கும் ஒரு படி மேலே.

“அம்பாளே ஒத்தக் கால்ல தவம் நின்னா. கால் வலிக்குன்னு நான் மாத்திரை போட்டா வேண்டுதலுக்கு என்ன மதிப்பு?”

மனதில் பட்டதைக் கேட்காமல் விடுவது என் குணமில்லை. எங்கெங்கே வலிக்கிறது என்று கேட்டேன். கால், இடுப்பு, தோள், கை, எல்லாமே வலிக்கிறதாம். கண்ணைத் திருப்பினாலும் வலி. நடுநடுவே வறட்டு இருமல் வேறு.

“சுத்துனது காலுதானே மைனி, கை எதுக்கு வலிக்கு?” என்றேன்.

ஜலதோஷம் என்றால் மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, மெதுவாக வரும். இப்படி ஒரேயடியாகச் சாய்க்காது. முந்தின வருடம் ஃப்ளூ வந்து நான் படுத்துக் கிடந்தது மறக்குமா? இது அதேதான் என்று அடித்துச் சொல்லி ஆட்டோவில் ஏற்றினேன். போகிற வழியிலேயே மைனிக்கு இழுப்பு ஆரம்பித்துவிட்டது. அப்போது பயந்துதான் போனேன்.

டாக்டரம்மா முதலில் மூச்சுக்கு மருந்து வைத்தார். பிறகு என் தீர்ப்பைக் கேட்டுச் சிரித்தார். இருமலைப் பார்த்தால் ஃப்ளூ போலத்தான் இருக்கிறது, ஆனால் டெங்குவும் இப்படித்தான் ஆரம்பிக்கும், பார்வையிலேயே முடிவு கட்டக் கூடாது என்று ரத்தமும் மூக்குச் சளியும் எடுத்தார். ஃப்ளூவேதான். வீசிங் உள்ளவருக்கு நெஞ்சில் இறங்கினால் ஆபத்து, முதல் நாளே கூட்டி வந்தது நல்லது, ஃப்ளூ மாத்திரை நன்றாக வேலை செய்யும் என்றார். அங்கேயே வைத்துப் பார்த்து, தேறிய பிறகுதான் அனுப்பினார்.

இந்த வருடமும் மைனி சுற்ற வந்தார். முன்னதாகவே ஃப்ளூ ஊசி போட்டிருந்தார், முகத்தில் மாஸ்க் வேறு. மறுநாள் காலையில் நான் வாயைத் திறக்கும் முன்பே, “ஏட்டி, கால் மட்டுந்தான் வலிக்கு” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு இட்லி இறங்கியது. காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது என்று யார் சொன்னாலும், எங்கெங்கே வலிக்கிறது என்று இன்றும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் அதை நம்புகிறேன்.