திருஷ்டி கழிந்த கார்

ஓசூர் சிப்காட் சிக்னலில் எனக்கு முன்னால் நின்றது, நான் ஆசைப்பட்டு வாங்க முடியாமல் போன அதே மாடல் சிவப்புக் கார். பூஜைக்குப் போட்ட மாலைகூட வாடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பிரேக்கிலிருந்து கால் நழுவ, அதன் பின்புறத்தில் போய் இடித்துவிட்டேன்.

கம்பெனி யூனிஃபார்மில் இறங்கி வந்தவர், நசுங்கிய இடத்தைக் கைக்குட்டையால் துடைத்தார்.

"இன்சூரன்ஸ்ல போடலாமா, இல்ல நானே செஞ்சு குடுத்துடட்டுமா?" என்றேன்.

"ரெண்டும் வேணாம் சார். புது வண்டி, யாரு கண்ணு பட்டுச்சோ! சின்ன அடியோட திருஷ்டி கழிஞ்சுடுச்சு."

உள்ளே இருந்த மனைவியிடம் அதையே கன்னடத்தில் சொன்னார். இருவரும் சிரித்தபடி கிளம்பிப் போனார்கள்.

கண் என்னுடையதுதான். அது கழியவுமில்லை. அதுவரை காரின்மேல் மட்டும் இருந்தது, இப்போது அந்தச் சிரிப்பின்மேலும் விழுந்துவிட்டது.