மணக்குதோ

கொரோனாக் காய்ச்சல் வந்து போனபோது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது. மற்றவர்களுக்கு மணம் ஒரு மாதத்தில் திரும்பியது. எனக்கு நாலு வருசமாகியும் திரும்பவில்லை. வீட்டில் மட்டும் சொன்னேன்.

நான் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு கலியாண மண்டபத்தில் தலைமைச் சமையல்காரன். பிள்ளையாருக்குப் படைக்கும் முன் எங்கள் குசினியில் ஒருவரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. புளி கூடிவிட்டதா, பால் திரிந்துவிட்டதா, எல்லாம் மூக்கால்தான். உப்பைக்கூட ஆவியில் பிடிப்போம். மணம் தெரியாதவனை யார் வைத்திருப்பார்கள்? எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். வேறு தொழிலும் தெரியாது.

அதனால் மறைத்தேன். உப்பைக் கைக்கணக்கில் போட்டேன். வெங்காயத்தை நிறம் பார்த்து இறக்கினேன். சட்டிக்குக் கிட்டப் போய் உதவியாட்களிடம் "மணக்குதோ?" என்று கேட்பேன். தெரிந்தவன் சோதிக்கிறமாதிரிக் கேட்பேன். அவர்கள் சொல்வதை வைத்துத்தான் இறக்குவேன்.

ஆட்கள் அதிகம் கதைத்தால் என் குறையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கத்தினேன். முன்பும் கத்துகிறவன்தான். பிறகு கூடிவிட்டது. ஒருமுறை அகப்பையால் எறிந்தேன். சுவரில் பட்டது. ஆனால் ஆளுக்குத்தான் எறிந்தேன்.

எங்களிடம் அப்பளம், வடை பொரிக்கிறவர் நாற்பது வயதுக்காரர். ஒருநாள், "அண்ணை, எண்ணெய் காறல் மணம் அடிக்குது" என்றார்.

"உன்ரை மூக்கோ என்ரை மூக்கோ இஞ்சை சமைக்கிறது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த எண்ணெயிலேயே அப்பளம் பொரித்தோம். அதன்பிறகு குசினிக்குள் "ஓம்" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

போன வைகாசியில் ஒரு கலியாணம். சோறு வெளியே முற்றத்தில் விறகடுப்பில். உள்ளே இரண்டு காஸ் அடுப்பு. ஒன்றில் என் சாம்பார், மற்றதில் அவருடைய எண்ணெய்த் தாச்சி. தேங்காய் துருவும் பெண் மூலையில் இருந்தாள். விடியவே சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது. கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. சமையல் பாதியில் காற்று மேற்கு யன்னலால் நுழைந்து இரண்டு அடுப்பையும் ஒரேயடியாக அணைத்தது.

"யன்னல் எல்லாத்தையும் சாத்துங்கோ!" என்று கத்தினேன். என் அடுப்பின் காஸைத் திருகிப் பூட்டினேன். "உன்ரை அடுப்புப் பூட்டியாச்சோ?"

"ஓம் அண்ணை."

அவர் யன்னலடியில் நின்றார். முதுகு அடுப்புப் பக்கம். திரும்பிப் பார்க்காமலே ஓம் என்றார். "பொறுங்கோ, பாக்கிறன்" என்றால் நான் என்ன செய்வேன் என்று அவருக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து மணப்பெண்ணின் மாமனார் முறைக்காரர் ஒருவர் வாசலில் வந்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சமையல், மாப்பிள்ளை பேரப்பிள்ளையும் கண்டிடுவார் போல கிடக்கு. சாம்பார் எப்ப?"

"இந்தா, இறக்கப் போறன் ஐயா."

அவர் லேசில் விடவில்லை. பாயாசம், மோர், பந்தி என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். நான் உள்ளே திரும்பியபோது குசினி அமைதியாக இருந்தது. தேங்காய் துருவும் சத்தமும் இல்லை. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவசரப்படுத்துகிறேன் என்று கோபமாக்கும் என்று நினைத்தேன்.

நெருப்புப் பெட்டியை எடுத்தேன். சாம்பாரைப் பார்த்துக் கேட்டேன்.

"மணக்குதோ?"

"ஓம் அண்ணை." பொரிக்கிறவர் நிலத்தைப் பார்த்துச் சொன்னார்.

"நல்லாவோ?"

"ஓம். நல்லா மணக்குது."

குச்சியை வெளியே எடுத்தேன்.

தேங்காய்ப் பாதி நிலத்தில் உருண்டது. அந்தப் பெண் ஓடிவந்து என் கையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவளுடைய கை முழுக்கத் தேங்காய்ப்பால்.

"கொளுத்தாதேங்கோ அண்ணை! காஸ்!"

பொரிக்கிறவர் பாய்ந்து போய்த் தன் அடுப்பைப் பூட்டினார். அது திறந்தே கிடந்தது. சிலிண்டரையும் பூட்டினார். யன்னல்களைத் திறந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனோம். முற்றத்து விறகடுப்புகள் நன்றாய் எரிந்துகொண்டிருந்தன. அதைக் கண்டதும் கையிலிருந்த குச்சியை வாளித் தண்ணீருக்குள் போட்டேன். மண்டபத்துக்குள் மேளம் அடித்தது. சனம் நிறைய.

"ஏன் தம்பி சொல்லேல்லை?" என்று கேட்டேன். கத்தவில்லை.

"சொன்னன்தானே அண்ணை. மணக்குதோ எண்டு கேட்டியள். ஓம் எண்டன்."

"காஸ் எண்டு சொல்லியிருக்கலாமே."

"உங்கடை மூக்குக்குத் தெரியாததோ எண்டு விட்டிட்டன்."

"அண்ணைக்கு மணக்கிறேல்லை" என்றாள் அவள். "எனக்கு முதலே தெரியும். பால் அடிப்பிடிச்ச நாளிலை, பக்கத்திலை வெத்திலை போட்டுக்கொண்டு நிண்டவர்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை, தங்கச்சி?"

"அகப்பை ஆரின்ரை பக்கம் வருமோ ஆருக்குத் தெரியும்?"

கையில் ஒட்டிய தேங்காய்ப்பாலை வேட்டியில் துடைத்தேன். பிறகு, "ஓம். நாலு வருசமா இல்லை" என்றேன்.

பொரிக்கிறவர் யோசித்தார். "அப்ப அந்த எண்ணெய்?"

"காறினதாத்தான் இருக்கும்."

"அந்த அப்பளம் திண்ட சனம் தப்பினது பிள்ளையார் புண்ணியம்" என்றார். அன்றைக்குத்தான் அவர் சிரித்ததைக் கண்டேன்.

பந்தி பிந்தியது. முறைக்காரர் வந்து ஏசினார். "பிழை என்ரை, ஐயா" என்றேன். பொரிக்கிறவர் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றார்.

அடுத்த நாள் மண்டபச் சொந்தக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். "உந்தக் கலியாணங்கள் முடியட்டும், பாப்பம்" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் என் கை அப்படியே நிற்கும்.

நான் இப்போது கத்துவதில்லை. அகப்பை ஆணியில் தொங்குகிறது. நெருப்புப் பெட்டி அந்தப் பெண்ணின் கையில். கேள்வியையும் மாற்றிவிட்டேன். "மணக்குதோ?" என்று கேட்பதில்லை. "என்ன மணக்குது?" என்று கேட்கிறேன். அதற்கு ஓம் சொல்ல முடியாது. சாம்பார், கருகல், காஸ், ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஆனாலும் பழக்கம் விடாது. போன கிழமையும் காற்று. அடுப்பு அணைந்தது. பந்திக்கு நேரமாகிவிட்டது.

"என்ன மணக்குது, தம்பி?"

"ஓம் அண்ணை."

அவள் நெருப்புப் பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் போய் யன்னலைத் திறந்தேன்.