இறக்க இரண்டு பேர்

காற்று எழுந்தால் சாமுவேல் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வைக்கோல் போருக்கு ஓடுவார். மழைக்காக அதன்மேல் போர்த்தியிருந்தது ஆரஞ்சு நிறப் படகுப் பாயின் பெரிய துண்டு. அது காற்றில் உப்பி எழுந்தால் அவருக்குப் பார்க்கப் பொறுக்காது. இழுத்துக் கட்டுவார். கட்டியதும் திரும்பி, ஆளில்லாத வயலைச் சற்று நேரம் பார்ப்பார்.

"இன்னா சாமுவேலு, போரு கப்பலாட்டம் கெளம்பிடுச்சா?" என்று பக்கத்து வயல் எல்லப்பன் வரப்பிலிருந்து சீண்டுவார். சாமுவேல் சிரிக்கமாட்டார்.

அறுப்புக்கு வந்தபோது எங்கள் களத்தில் அவரே சொன்னது இது. சென்னைத் துறைமுகத்தில் கூலியாக இருந்தவரை ஒரு வெள்ளைக்காரர் தம் பாய்மரப் படகில் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். எழுபத்தொன்பதாம் வருடம் தை மாதம், பினாங்கிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டார்கள். படகில் இருவர் மட்டுமே. வழி முழுக்கக் காற்று முதுகுப் பக்கம். அப்படிப்பட்ட காற்றுக்கு இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, இரு பக்கமும் கழி கொடுத்து விரிக்கும் சின்னப் பாய்கள். படகு தொட்டில்போல் ஆடும், மெதுவாகத்தான் போகும். ஆனால் ஒரே ஆள் கயிற்றை இழுத்துச் சுருட்டிவிடலாம். மற்றது பலூன்போல் உப்பும் ஒற்றைப் பெரிய ஆரஞ்சுப் பாய். படகு பறக்கும். இறக்க இரண்டு பேர் வேண்டும்.

பெரிய பாயை எடுப்பதில்லை என்று இலங்கைக் கரையில் காத்திருந்த தம் மனைவிக்கு வெள்ளைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் அவளைச் சீக்கிரம் பார்க்கும் ஆசையில் அதையே ஏற்றினார். ஒரு பிற்பகல் கால் தவறிக் கடலில் விழுந்தார். சாமுவேல் தனியாகக் கயிற்றோடு போராடி, முடியாமல், கத்தியால் பாயைக் கிழித்தார். படகு நின்றபோது கூப்பிட்ட குரல் எங்கோ பின்னால் போயிருந்தது. பாய்த் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தவரை ஒரு மீன்பிடிக் கப்பல் ஏற்றிக்கொண்டது. படகும் பிறகு கிடைக்கவில்லை.

"பின்னால காத்து அடிச்சா இன்னமும் கூப்புடறாரு," என்றார்.

சில வருடம் கழித்து அந்த வெள்ளைக்காரரின் மனைவி, அந்த அம்மாள், எங்கள் ஊர் மானாம்பதிக்கே வந்துவிட்டார். ஆங்கிலம் பேச என்னை அழைத்துப் போனது சாமுவேலின் மனைவி பாக்கியமேரி. அம்மாள் கேட்டது ஒன்றுதான்: அன்று ஏற்றியிருந்தது எந்தப் பாய்?

சாமுவேல் தரையைப் பார்த்தார். "சின்னப் பாய் ரெண்டுன்னு சொல்லு, கனகாம்மா."

"அத ஒரு ஆளே சுருட்டலாமே, அப்ப ஏன் நிறுத்தலன்னு கேப்பாங்களே," என்றேன்.

"தூங்கிட்டேன்னு சொல்லு. ஒன்னப் பாக்கத்தான் அவசரப்பட்டாருன்னு எப்புடிச் சொல்றது? ஆயுசுக்கும் சொமப்பாங்க."

"நீ சொமந்துக்கினு கீறது பத்தாதாய்யா?" என்றாள் பாக்கியமேரி.

"நீ சும்மா இரு மே."

அவர் சொன்னபடியே சொன்னேன். அம்மாளின் முகம் இறுகியது.

அப்போது காற்று வந்தது. போரின்மேல் ஆரஞ்சுத் துணி உருண்டு உப்பியது. சாமுவேல் ஓடினார். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை கைமீறிப் போயிற்று. அம்மாள் அந்த நிறத்தையும், நீளமாக ஓடிய கத்திக் கிழிசலையும் பார்த்தபடி நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, மறு முனையைப் பிடித்தார்.

இருவருமாக இழுத்தார்கள். நொடியில் இறங்கிவிட்டது.

கட்டிய பின் சாமுவேல் வழக்கம்போல் திரும்பிப் பார்த்தார். அம்மாளும் அதே திசையில் பார்த்தார். வயலில் யாரும் இல்லை.